வாய் விட்டுக் கேட்க வேண்டிய மரம்

மூன்று குச்சிகளைக் காட்டி, இதில் எந்த மரம் வேண்டும் என்று கேட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஜனவரி மாதச் சந்தையில் அத்திக் கன்று என்றால் குச்சிதான். இலை இருக்காது, காய் இருக்காது. வேரை ஈரச் சாக்கில் சுற்றி, வகை தெரிய ஒவ்வொன்றிலும் ஒரு நிறக் கம்பளி நூலைக் கட்டி வைத்திருப்பாள் ஸல்ஹா. எங்கள் பாலைவன ஊரான கஃப்ஸாவின் சந்தையில் முப்பது வருஷமாகக் கன்று விற்கிறவள். வாங்கினால் வாங்கு என்கிற முகம்.

"சிவப்பு நூலு ஜிதி. கருப்புப் பழம். தோலு தடிப்பு, உள்ள ரத்தச் சிவப்பு. அடியில கண்ணு இறுக்கமா மூடியிருக்கும், வண்டு பூராது. நம்ம வெயிலுக்கு அதை அடிச்சுக்க ஆளில்ல. மஞ்ச நூலு வெள்ளை அத்தி. தேனா இனிக்கும். ஆனா கண்ணு திறந்த ஜாதி, ஆகஸ்ட்டு வெயில்ல ரெண்டே நாள்ல புளிச்சுரும்."

"பச்சை நூலு?" என்று கேட்டேன்.

"அது பாட்டுக்குப் பழுக்கும். யாரும் எதுவும் செய்ய வேணாம்."

"ருசி?"

"அதான் சொல்றேனே, அது பாட்டுக்குப் பழுக்கும்."

பக்கத்தில் நின்ற என் மனைவி ஷெத்லியா என் விலாவில் இடித்தாள். ஜிதியை வாங்கு என்று அர்த்தம். முப்பத்து நான்கு வருஷம் பாஸ்பேட் ரயில் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்ற எனக்கு, முற்றத்தில் ஒரே ஒரு குழி தோண்டத்தான் இடம் இருந்தது. அறுபத்து மூன்று வயதில் வைக்கிற மரம். தப்பாக வைத்தால் இன்னொன்று வைத்துப் பழம் பார்க்கக் காலம் இருக்குமா என்பது சந்தேகம். இதெல்லாம் தெரிந்தும் நான் சொன்னேன்:

"பச்சை நூலே குடு."

காரணம் என் அண்ணன் லஸ்ஸாத்.

ஜிதி தானாகப் பழுக்காது. ஜூன் மாதத்தில் ஆண் அத்தி மரத்தின் காய்களைப் பறித்து, சரமாகக் கோத்து, அதன் கிளைகளில் தொங்கவிட வேண்டும். ஆண் காய்க்குள் இருக்கிற பொடிப் பூச்சி வெளியே வந்து ஜிதியின் காய்க்குள் நுழைந்தால்தான் அது பழமாகும். இல்லாவிட்டால் கோலிக்குண்டு அளவில் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். எங்கள் தெருவில் ஆண் அத்தி ஒன்றே ஒன்று. என் மதிலுக்கு அந்தப் பக்கம், அண்ணன் தோப்பின் கோடியில். பூச்சி தானாக அவ்வளவு தூரம் வராது.

அந்தக் காய்க்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. தேவைப்படுகிறவன் பொழுது விடியுமுன் மரக்காரன் வாசலில் நின்று வாய் விட்டுக் கேட்க வேண்டும். கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது, காசும் வாங்கக் கூடாது. ஆளை அனுப்பிக் கேட்பதும் கூடாது. கேட்காதவன் வீட்டுக்கு மரக்காரனாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அதைவிட மோசம். உன் மரத்தைப் பார்த்துக்கொள்ள உனக்குத் துப்பில்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிற மாதிரி.

நானும் அண்ணனும் அப்போது பேச்சை விட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. என் மகள் ரஃபீக்காவின் கல்யாணத்தன்று அவர் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்தார். பந்தலில் அத்தனை பேர் முன்னால், "வேலைக்குக் காணோம், குஸ்குஸ் வாசனைக்கு மட்டும் கால் தானா வந்துருச்சோ?" என்று கேட்டேன். அவர் அப்படியே திரும்பிப் போய்விட்டார். ஜூலை வெயிலில் விருந்தாளிகளுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டுமே என்று காலையிலிருந்து வண்டியோடு ஐஸ் தேடி அலைந்திருக்கிறார் என்பது மறுநாள்தான் தெரிந்தது. அன்றைக்கே போயிருக்க வேண்டும். நாளைக்குப் போகலாம் என்று தள்ளினேன். நாளை மாதமாகி, மாதம் வருஷமாகி, அப்புறம் போவதற்கே கூச்சமாகிவிட்டது. கூச்சம் என்று சொன்னால் மரியாதையாக இருக்கிறது. வீம்புதான்.

ஆகவே பச்சை நூல் குச்சியை நட்டேன். நன்றாகவே வளர்ந்தது. இரண்டாம் வருஷம் பத்துக் காய் பிடித்து உதிர்ந்தது. பிஞ்சு மரம், வெயில் தாங்கவில்லை என்று நினைத்தேன். மூன்றாம் வருஷம் ஜூனில் அறுபது காய்க்கு மேல். தினமும் எண்ணினேன், குழந்தைபோல. ஒரு நாள் காலை நாலு காய் மஞ்சளாகிக் கீழே கிடந்தது. ஒன்றைப் பிளந்து பார்த்தேன். உள்ளே சக்கை.

"இது என்னடி, தானா பழுக்கற ஜாதி தானா உதிருது?"

ஷெத்லியா அடுப்பைவிட்டுத் திரும்பாமல் சொன்னாள்: "அது பச்சை இல்லைங்க. ஜிதி."

"எது?"

"சந்தையில நீங்க கடப்பாரைக்குப் பேரம் பேசப் போனீங்கல்ல, அப்ப நூலை மாத்திக் கட்டிட்டேன். ஸல்ஹாவும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தா."

தொண்டை கிழியக் கத்தினேன். மூன்று வருஷம், ஒரே குழி, என் வயசு, எல்லாவற்றையும் சொல்லிக் கத்தினேன். அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"முடிச்சிட்டீங்களா? உங்க வீம்புக்கு நான் ஆயுசு பூரா சர்க்கரைத் தண்ணி மாதிரிப் பழத்தைத் திங்கணுமா? பழுத்தாலும் பழுக்கலைன்னாலும் அது ஜிதிதான். ஒண்ணு அதை வெட்டுங்க, இல்லை உங்க அண்ணன் வாசலுக்குப் போங்க."

"வேற வழியே இல்லையா?"

"தேடிப் பாருங்க."

தேடினேன். மலைப் பக்கத்திலிருந்து சந்தைக்கு ஆண் காய்ச் சரம் வரும். போய் ஆறு சரம் வாங்கிவந்து கிளை கிளையாகத் தொங்கவிட்டேன். அன்று மதியமே பாலைக்காற்று கிளம்பியது. இரண்டு நாள் அடுப்பு வாயில் நிற்கிற மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் சரத்தைத் தொட்டால் பொடியாக உதிர்கிறது. ஒரு பூச்சி உயிரோடு இல்லை. கீழே பதினெட்டுக் காய் கிடந்தது.

சந்தைக்கு ஓடி ஸல்ஹாவைக் கேட்டேன். அவள் சிரிப்பை அடக்கவே முயலவில்லை.

"மலையில பறிச்சு, மூட்டையில கட்டி, லாரியில வந்தது இந்தக் காத்துக்கு நிக்குமா? பறிச்ச கையோட கட்டணும். அதுக்குப் பக்கத்து மரம்தான் வேணும். சின்னக் காய்ங்க இன்னும் மூணு நாலு நாள் தாங்கும். நான் போட்ட கன்னைப் பட்டினி போட்டுக் கொல்லாத, போ."

மறுநாள் இருட்டுப் பிரியும் நேரத்தில் அண்ணன் வாசலில் நின்றேன். மதிலைச் சுற்றி நூறடிகூட இல்லை. ஒன்பது வருஷமாக நடக்காத நூறடி. கதவைத் தட்டுமுன் உள்ளங்கையெல்லாம் வேர்த்துவிட்டது. ரயிலில் பிரேக் பிடிக்காமல் போன அன்றுகூட எனக்கு அப்படி வேர்க்கவில்லை.

அவரே திறந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் இருமல் சத்தமாக மட்டுமே இருந்த மனிதர், இத்தனை கிழவராகிவிட்டாரா?

"அண்ணே, என் மரத்துக்கு ஆண் காய் வேணும்."

இதோடு நிறுத்தினால் அது காய்க்காக வந்ததாகிவிடும் என்று தோன்றியது.

"அன்னைக்குப் பந்தல்ல நான் பேசினது தப்பு. மறுநாளே தெரிஞ்சிருச்சு. வரலை."

"மறுநாளேவா?"

"ஆமா."

"ஒன்பது வருஷம் கழிச்சு வர்ற."

"ஆமாண்ணே."

"உள்ள வா," என்றார்.

தாழ்வாரத்துச் சுவரில் ஒரு ஆணி. அதில் இரண்டு கொத்துச் சரம் தொங்கியது. காய்ந்து கறுத்துச் சுருங்கிப்போன ஆண் அத்திக் காய்கள். ஒரு கொத்தில் நாலு சரம், இன்னொன்றில் எட்டு.

"மொத வருஷம் மதிலுக்கு மேல இலை தெரிஞ்சப்பவே ஜிதின்னு கண்டுக்கிட்டேன்," என்றார். "சரி, பய வந்துதான ஆகணும்னு ரெண்டாம் ஜூன்ல உனக்காகக் கட்டி வெச்சேன். சின்ன மரம், நாலு போதும்னு. நீ வரலை. இந்த வருஷம் மரம் பெருசாயிருச்சு, எட்டு கட்டினேன். போன வாரம். ஷெத்லியாகிட்ட நீ கத்தற சத்தம் கேட்டுச்சு. இப்ப வந்துருவான்னு உக்காந்திருந்தேன். நீ சந்தைக்குப் போயிட்டு ஆறு சரத்தோட வர்ற."

அந்தக் கொத்தைத் தொட்டேன். அழுதுவிட்டேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

"கொண்டாந்து குடுத்திருக்கலாமேண்ணே."

"முறைன்னு ஒண்ணு இருக்கில்ல? அப்புறம் எனக்கும் உன் அப்பன் ரத்தம்தான ஓடுது." அவர் கூடையை எடுத்து என் நெஞ்சில் வைத்தார். "அழுதுக்கிட்டே பறி. வெயில் ஏறிச்சுன்னா பூச்சி பறந்துரும்."

இருவரும் பறித்தோம். அவர் கோரைப் புல்லில் கோத்தார், நான் கோத்தது அவிழ்ந்து அவிழ்ந்து விழுந்தது. ரயில் ஓட்டியவன் கை என்று கிண்டல் செய்தார். என் முற்றத்துக்கு அவரே வந்து, ஏணி போட்டு, எந்தக் கிளைக்கு எத்தனை என்று பார்த்துக் கட்டினார். அதிகமானால் பழம் வெடித்துவிடுமாம். ஷெத்லியா ஒன்றுமே தெரியாதவள்போல மூன்று கோப்பைக் காபியோடு வந்து நின்றாள்.

"உன் பொண்டாட்டிதான்டா மனுஷி," என்றார் அண்ணன்.

அறுபத்துச் சொச்சத்தில் இருபத்தொன்பது நின்றது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் முதல் பழம் கழுத்து வளைந்து தொங்கியது. பறித்து மூன்றாக வகிர்ந்தோம். கருநீலத் தோல், உள்ளே குங்குமச் சிவப்பு, விதை பல்லில் நறுக் நறுக்கென்று உடைந்தது. இனிப்போடு ஒரு துளிப் புளிப்பும் சேர்ந்து நாக்கிலேயே நின்றது. ஷெத்லியா கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணன் விரலை நக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அடுத்த ஜூன்லயும் வந்து கேக்கணும். இது வருஷா வருஷம்."

"தெரியும்."

"நான் இருக்கற வரைக்கும்."

"நான் இருக்கற வரைக்கும்," என்றேன்.

"விடியறதுக்கு முன்னால," என்றார். "இந்தத் தடவை கொஞ்சம் லேட்டு."