தாம்பரத்து மாமா

...இன்றைக்காவது கேட்டுவிட வேண்டும், வாடகை எவ்வளவு, இரண்டே வார்த்தை, அதற்குப் போய் ஏன் இத்தனை தயக்கம் என்று நினைத்தபடியே செங்கமலம் படப்பைக் கடைத்தெருவில் நடந்தாள், கண்ணப்பன் இன்று டீக்கடை திறக்கிறார், முதல் போணி அவள் கையால்தான் ஆகவேண்டுமாம், அன்னபுஷ்பத்தின் பூக்கடைக்கு அவள் போணி செய்து வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனதிலிருந்து யார் கடை திறந்தாலும் அவளுக்குத்தான் ஆள் வருகிறது, எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்ட பெண்ணுக்கு ஊர் கொடுத்த ஒரே மரியாதை... அந்த டீக்கடைக்குப் பக்கத்து ஷெட் காலி, அதற்குள் வாடகை சைக்கிள்கள் வரிசையாக நிற்பதை அவள் மட்டும் எத்தனை மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், தாம்பரம் பஸ்ஸில் வந்து இறங்கிப் புதுக் கம்பெனிக்கு வெயிலில் நடக்கிறவர்களைப் பார்த்தால் அவளுக்குத்தான் கால் வலிக்கிறது, சொன்னதற்கு அண்ணன் நடேசன் சிரித்தான், "சைக்கிள் கடையா? பஞ்சர் யாரு ஒட்டுவா, உம் புருசனா? அவனே இன்னும் வர்ல"... சிரித்தால் சிரிக்கட்டும், கடை படுத்துவிட்டால்? தன் கடைக்கே விளங்காத கை என்று ஆகிவிடாதா, அப்புறம் எந்தக் கடைக்குக் கூப்பிடுவார்கள், இருக்கிற ஒன்றும் போய்விடுமே...

"வாடி, உனுக்காக ஒர்த்தருக்கும் டீ குடுக்காம நிக்கிறாரு, மூஞ்சப் பாரு" என்று கண்ணப்பனின் பெண்சாதி லீலா கையைப் பிடித்து இழுத்தாள், நாணயம் கை மாறியது, கண்ணப்பன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், டீ நாக்கைச் சுட்டது, பெஞ்சில் இடத்துக்காரர் சுப்பராயன், "பக்கத்து ஷெட்டும் காலியாத்தான் கீது, ஆளு இருந்தா சொல்லும்மா" என்றார், இதோ, இப்போது, எனக்குத்தான் என்று சொல்லேன்...

"தாம்பரத்துல எங்க மாமா ஒருத்தரு... சைக்கிள் கடை போடணும்னாரு."

எந்த மாமா? தாம்பரத்தில் அவளுக்கு யாருமே இல்லை, ஆனால் வாய் நிற்கவில்லை, ஆறு மாத அட்வான்ஸ் என்றார் அவர், "கூரை ஒழுவுது, அதுக்கு ஆறு மாசமா? மூணுன்னா எடுப்பாரு, ஓடும் நீங்கதான் மாத்தித் தரணும்" என்றாள், லீலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சுப்பராயன் தலையைச் சொறிந்து, "பலே ஆளுதான் உங்க மாமா, சரி, மூணு. நாளைக்கி இட்டுக்கினு வா" என்றார்.

வருவார் என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கினாள், பொய் சொன்ன பயம் வரவேண்டும், வரவில்லை, வேறொரு பயம் வந்தது, மாமா ஒத்துக்கொள்ளாவிட்டால்? கடைசி நேரத்தில் வேண்டாம் என்றுவிட்டால்? கெஞ்சியாவது சம்மதிக்க வைக்க வேண்டுமே என்று தவித்தபடி வெகுதூரம் வந்த பிறகுதான் உறைத்தது, நாளைக்கு வேண்டாம் என்று சொல்ல அந்த மாமாவால் முடியாது, சொன்னால் அவள்தான் சொல்லவேண்டும்...