மீன் எண்ணெயும் முன்பல்லும்

…நாக்கு அங்கே மட்டும் போகக் கூடாது என்று சொல்லச் சொல்ல அங்கேதான் போகிறது, மேல்வரிசை முன்பல், தொட்டவுடன் அசைகிறது, நேற்றைவிட இன்று கூடுதலாகவா… இல்லை, அரண்டவள் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மே பதினேழு, நார்வேயின் பெருநாள், ஸ்வோல்வார் ஊரே கொடியும் கையுமாகத் தெருவில் நிற்கிறது, பித்தளை வாத்தியக் குழுவோடு கார்னெட் என்ற சின்ன ஊதுகுழலை ஊதிப் போகவேண்டிய தூரிட் மட்டும் இந்தக் கடற்குளிரிலும் வியர்த்துக்கொண்டு, உதட்டில் வைத்து அழுத்தினால் பல் உள்ளே மடிந்துவிடுமோ, ரத்தம் சட்டையில் வழியுமோ என்று நடுங்குகிறாள். பல் போனால் சொல் போச்சு என்பார்கள், இவளுக்கு ஊதலே போச்சு, புருஷன் ஆர்னே செத்த பிறகு செவ்வாய்க்கிழமை ஒத்திகையை விட்டால் வேறென்ன மிச்சம் இருக்கிறது…

பல் மருத்துவர் அப்போதே சொன்னாள், "மீன் எண்ணெய் குடிங்க, ஈறு வீக்கம் கொஞ்சம் தணியலாம். ஆனா ஈறுக்கு அடியில சுரண்டிச் சுத்தம் செஞ்சே ஆகணும், எண்ணெய் அதுக்கு ஒத்தாசைதான்." தூரிட் காதில் எண்ணெய் மட்டும் விழுந்தது, சுரண்டுவது விழவில்லை, அந்த ஊசி, அந்தக் கொக்கி, அம்மாடி… அதற்குத் தோதாக ஒட்வார், பக்கத்தில் நின்று ஊதுகிற கிழவன், விரலால் தன் பல்லைத் தட்டிக் காட்டினான், "டாக்டராவது ஒண்ணாவது! காட் மீன் ஈரல் எண்ணெய் தினம் ஒரு கரண்டி குடி. என் வாயப் பாரு, பாறை! இன்னும் முழு மூச்சா ஊதுறேன்ல?" அதைவிடச் சாட்சி வேண்டுமா, குளிர்காலம் முழுக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு கரண்டியாகவே குடித்தாள், மருத்துவர் கூப்பிட்டபோதெல்லாம் போனை எடுக்கவில்லை… எண்ணெய்தான் பாவம் என்ன செய்யும், தன்னால் முடிந்ததைத்தானே செய்யும்…

வாத்தியக் குழுத் தலைவனின் கோல் உயர்ந்துவிட்டது, நடக்கிறார்கள், தூரிட் கார்னெட்டை உதட்டில் பட்டும் படாமலும் வைத்துக் கன்னத்தை மட்டும் உப்புகிறாள், விரல்கள் ஓடுகின்றன, ஊதவில்லை, இன்று ஒருநாள் மட்டும், யாருக்குத் தெரியப்போகிறது, ஒட்வார் இருக்கிறான், இரண்டு பேருக்கும் சேர்த்து ஊதுவான். இதோ அந்த இடம், மற்றவர்கள் நிறுத்த, இவர்கள் இருவர் மட்டும் ஊதவேண்டிய இரண்டு வரி… முரசு மட்டும் தட்டிக்கொண்டு போகிறது. ஊதல் ஒன்றுமே கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கிறாள், ஒட்வாரின் விரல்களும் ஓடுகின்றன, கன்னமும் உப்பியிருக்கிறது, அப்படியானால் ஒத்திகையில் இவ்வளவு நாள் கேட்டதெல்லாம் என் ஊதல்தானா… அவன் முகம் வெளுத்து இவள் பக்கம் குனிகிறான், மூச்சில் அதே ஈரல் எண்ணெய் வாடை.

"ஊது தூரிட், ஊதித் தொலை! என்ன வேடிக்கை பாக்குற?"

பேசும்போது அவனுடைய மேல்வரிசை முழுவதும் ஒரே பலகையாக லேசாக இறங்கி, மறுபடி ஏறி ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பாறை… கடையில் செய்த பாறை. தூரிட்டின் நாக்கு மெதுவாக முன்பல்லுக்குப் போகிறது, அசைகிறது, இன்னும் என்னுடையதுதான், இன்றைக்கு…