தண்டல் இஞ்ஞாசியின் பாதிச் செபம்

தண்டல் இஞ்ஞாசிக்கு ஜெபமாலையில் பாதிதான் தெரியும். தண்டல் என்றால் தோணித் தலைவர்; தோணியைக் கொழும்புக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவரத் தெரிந்த மனிதர். காற்றின் போக்கு தெரியும், சுங்கத்துக்காரர்களின் போக்கு அதைவிட நன்றாகத் தெரியும். ஆனால் முப்பத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் செபத்தை எடுத்துச் சொன்னவள் அவர் மனைவி ஹில்டா. 'அருள் நிறைந்த மரியாயே வாழ்க' என்று அவள் முன்பாதியைச் சொல்வாள். 'அர்ச்சியசிஷ்ட மரியாயே' என்று பின்பாதியைச் சொல்வது இவர் வேலை. அதையும் பல நாள் அரைத் தூக்கத்தில்தான் செய்தார்.

ஹில்டாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. மாதாவோடு பேசிக்கொண்டே வீட்டையும் ஆள்வாள். "அருள் நிறைந்த மரியாயே வாழ்க, கர்த்தர் உம்முடனே, அடுப்புல பாலப் பாரும், பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவள் நீரே" என்று எல்லாம் ஒரே மூச்சில் வரும். மாதா வந்து பாலைப் பார்க்கப்போவதில்லை என்பதால் இஞ்ஞாசி எழுந்துபோவார். திரும்பி வந்து, "பாத்தாச்சு, மேல சொல்லு" என்பார்.

எழுபத்து நாலாம் வருஷம் தை மாதம் ஹில்டா செத்துப்போனாள். இஞ்ஞாசி அப்போது கொழும்பில் வெங்காயம் இறக்கிக்கொண்டிருந்தார். அவர் கரை சேருவதற்குள் கல்லறை மண்ணே காய்ந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. விசாரிக்க வந்த பங்குச் சாமியாரையும் அவர் விடவில்லை.

"சாமி, 'எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்'னு முப்பத்திரண்டு வருசமாக் கேட்டவன் நான். அவ சாகுற நேரத்துல பக்கத்துல ஒரு ஈ காக்கா இல்ல. மாதா அன்னைக்கு எங்கன போயிருந்தாளாம்?"

சாமியார் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். பாவம், அவரும்தான் என்ன செய்வார்!

ஆனால் ஊருக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. சாயங்காலம் ஏழு மணி அடித்தால் இஞ்ஞாசியின் நாக்கு தானாகப் புரளும். செபம் சொல்ல வேண்டும்போல் நெஞ்சு அடித்துக்கொள்ளும். முன்பாதி இல்லாமல் பின்பாதியை மட்டும் எங்கே கொண்டுபோய் ஒட்டுவது? வாயைத் திறப்பார், மூடிக்கொள்வார், ஒரு சிட்டிகை மூக்குப்பொடியை உறிஞ்சுவார்.

ஆடி மாதத்தில் ஒருநாள், அண்ணி முறையில் அவர் மைனி என்று கூப்பிட்டுவந்த அடுத்த வீட்டு அல்போன்சாவின் குரல் பொதுச் சுவரைத் தாண்டி வந்தது. அவள் காயப்போட்ட வத்தலை ஹில்டாவின் கோழி கிளறியதிலிருந்து ஏழு வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மைனி தனிக்கட்டை. இரண்டு பாதியையும் அவளே சொல்லி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஒரு முன்பாதி முடிந்து அவள் மூச்சிழுத்த நேரத்தில் இஞ்ஞாசி பின்பாதியை மெல்ல நுழைத்துவிட்டார். அந்தப் பக்கம் ஒரு செம்பு உருண்டது. பிறகு நடுங்கிய குரலில் அடுத்த முன்பாதி வந்தது. மாலையின் ஐம்பத்து மூன்று மணியையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவருக்குக் கஞ்சி ருசித்தது.

ஒரே வாரத்தில் தெரு முழுக்கப் பேச்சு. அல்போன்சா வீட்டுப் பொதுச் சுவர் மாடத்திலிருக்கும் அந்தோனியார் சுரூபம் வாய் திறந்து செபம் சொல்கிறதாம்! சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடவுளோடு காய்விட்டுத் திரியும் தண்டல் வீட்டிலிருந்து செபம் வரும் என்று யார் நினைப்பார்கள்? அந்தோனியார் பேசுவதைக்கூட நம்பலாம், அதை நம்ப முடியாது.

சனிக்கிழமை சாயங்காலம் மைனி வீட்டில் கூட்டம் நெரிந்தது. தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருபவர் அந்தோனியார் என்பதால், காய்க்காரி சண்முகத்தாய் காணாமற்போன கிடாயைப் பற்றி விசாரிக்க வந்திருந்தாள். சாமியாரும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

இந்தப் பக்கம் இஞ்ஞாசிக்கு வியர்த்துக் கொட்டியது. பதில் சொன்னால் குட்டு உடைந்துவிடும், அப்புறம் துறைமுகத்தில் தலைகாட்ட முடியாது. அதைவிட, கிடைத்த அந்தப் பாதிச் செபமும் நாளையிலிருந்து இல்லாமல் போய்விடும். இன்றைக்கு வாயைத் திறப்பதில்லை என்று முடிவு கட்டினார்.

மைனி முன்பாதியைச் சொன்னாள். பதில் இல்லை. மறுபடி சொன்னாள், பதில் இல்லை. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மூன்றாம் முறை மைனியின் குரல் உடைந்தது. தனியாகக் கிடப்பவளின் குரல் எப்படி உடையும் என்று இஞ்ஞாசிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே!"

தோணியில் பாய் இறக்கச் சொல்லும் குரலில் கத்திவிட்டார். அந்தப் பக்கம் எல்லோரும் முழங்காலில் விழும் சத்தம் கேட்டது. ஆமென் சொல்லி முடிக்கவில்லை, மூக்குப்பொடி வேலையைக் காட்டிவிட்டது. அடுக்கடுக்காக மூன்று தும்மல். தெருவுக்கே பழக்கமான தும்மல்.

"அந்தோனியாரு பொடி போடுவாராக்கா?" என்றாள் சண்முகத்தாய்.

சாமியார் மாடத்தின் அருகே வாயை வைத்தார். "அந்தோனியாரே, நாளைக்குப் பூசைக்கும் வந்திரும்."

வீடே சிரித்தது. சிரித்து ஓய்ந்து எல்லோரும் கலைந்த பிறகு மைனி சுவரோரம் வந்தாள்.

"ஊர் சிரிக்க வச்சிட்டீரே தண்டலு."

"மன்னிச்சிரும் மைனி. எனக்கு முன்பாதி வராது. அத அவ கொண்டுபோயிட்டா."

மைனி சுவரில் சாய்ந்து உட்காரும் சத்தம் கேட்டது. "அவ சாகும்போது பக்கத்துல ஆளில்லன்னு சொல்லிக்கிட்டுத் திரியுதீராமே? என்னட்ட ஒரு வார்த்த கேட்டீரா? நானும் வீம்புல யாருட்டயும் சொல்லல. நெஞ்சு வலிக்குன்னு சுவத்தத் தட்டுனா, ஓடிவந்தேன். கோழியாவது ஒண்ணாவது! மடியில சாச்சுக்கிட்டேன். முன்பாதிய அவ சொன்னா, உம்ம பாதிய நான் சொன்னேன். சொல்லிக்கிட்டு இருக்கையிலேயே போயிட்டா."

இஞ்ஞாசி சுவரில் நெற்றியை முட்டி வாய்விட்டு அழுதார். மாதா எங்கே போயிருந்தாள் என்று ஊரெல்லாம் கேட்டாரே, பக்கத்து வீட்டில் கேட்கவில்லையே!

"அழுதது போதும். என் தொண்ட வறண்டு கெடக்கு. இன்னைக்கு நீரு ஆரம்பியும்."

"வராது மைனி."

"வரும். சும்மா ஆரம்பியும்."

ஹில்டாவின் ஜெபமாலையை ஆணியிலிருந்து எடுத்தார். கண்ணை மூடினார். அவள் இழுக்கும் அதே இழுப்பில் வார்த்தைகள் தாமாக வந்தன.

"அருள் நிறைந்த மரியாயே வாழ்க, கர்த்தர் உம்முடனே, அடுப்புல பாலப் பாரும்..."

திடுக்கிட்டு நிறுத்தினார். சுவருக்கு அந்தப் பக்கம் காலடிச் சத்தம் அடுக்களைவரை போய்த் திரும்பி வந்தது.

"பாத்தாச்சு" என்றாள் மைனி. "மேல சொல்லும்."