எட்டுத் தட்டம் பாண் அடுக்கு

25.9.1964, வெள்ளி. இன்றைய பிழை: ஒரு றாத்தல் பாணைப் பன்னிரண்டு துண்டாக வெட்ட வேண்டும். நான் முதல் நாலு பாணையும் பதினைந்தாக வெட்டிவிட்டேன். துண்டு மெல்லிசாகப் போனதால் என் தட்டத்தில் அடி வரிசை பாலில் ஊறிக் கரையப் பார்த்தது. இனி வெட்டுமுன் கத்தி நுனியால் அடையாளம் கீற வேண்டும்.

சறோஜினிதேவி இவ்வளவையும் எழுதிவிட்டுப் பேனையை மூடினாள். நாரந்தனைக் கிராம முன்னேற்றச் சங்க மண்டபத்தில் பின்னேரங்களில் நடக்கும் மனையியல் வகுப்பில் எட்டுப் பெண்கள் படித்தார்கள். எட்டுப் பேரும் நாட்குறிப்பு எழுத வேண்டும், முதல் வரியில் அன்று விட்ட பிழை இருக்க வேண்டும் என்பது ஞானசவுந்தரி ரீச்சரின் சட்டம். மற்றவர்கள் 'உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது' என்று நாளுக்கு நாள் ஒரே பிழையை எழுதி ஒப்பேற்றினார்கள். சறோவுக்கு அது வரவில்லை. தான் செய்ததில் எது பிழை என்று யோசிக்கத் தொடங்கினால் அவளுக்கு ஒன்றல்ல, ஏழெட்டு அகப்படும். அதிலே சின்னதாக ஒன்றைத் தெரிந்து எழுதுவாள். பிறகு, பெரியதை மறைத்துவிட்டோமோ என்று படுக்கையில் கிடந்து யோசிப்பாள்.

மறுநாள் விடிய எண்பது பேர் மண்வெட்டியோடு குளத்தடிக்கு வருகிறார்கள். மாரி மழைக்கு முன் குளத்தை ஆழமாக்க வேண்டும் என்று சங்கம் ஒழுங்கு செய்த சிரமதானம். போன வருடமும் இப்படித்தான் கூடினார்கள். அன்றைக்குக் கஞ்சி காய்ச்சி இறக்க எட்டரை மணியாகிவிட்டது. பசியோடு வெயிலில் நின்றவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள், குளமும் பாதியில் நின்றது. அதனால்தான் ரீச்சர் இந்த முறை வேறு வழி சொன்னார். வெள்ளிக்கிழமையே செய்து வைத்துவிடலாம். முதல் நாள் பாணை வெட்டித் தட்டத்தில் ஒரு வரிசை அடுக்கி, மேலே வெங்காயமும் உருளைக்கிழங்கும் போட்டுப் பிரட்டின கறியைப் பரப்பி, மறுபடி ஒரு வரிசை பாண், மறுபடி கறி. எல்லாவற்றுக்கும் மேலாகத் தடித்த பாலை ஊற்றி ஊறவிட்டுப் பாண் சுடுகிற போறணையில் வைத்து எடுத்தால், ஆறினபிறகு துண்டு துண்டாக வெட்டிக் கையில் கொடுக்கலாம். கோப்பையும் வேண்டாம், இலையும் வேண்டாம். பெண்கள் அதற்குப் பாண் அடுக்கு என்று பெயர் வைத்தார்கள்.

ரீச்சரின் குறிப்பில் தட்டத்துக்கு ஆறு முட்டை என்று இருந்தது. சாப்பிடப்போகிற நாள் புரட்டாதிச் சனி, ஊரில் பாதிப் பேர் விரதம் என்று முதலில் சொன்னது சறோதான். முட்டைக்குப் பதிலாக என்ன போட்டால் அடுக்கு உதிராமல் நிற்கும் என்று இரண்டு கிழமை வீட்டில் வைத்துப் பார்த்தாள். முதல் தரம் கடலைமாக் கூடிப் பசையாகிவிட்டது. இரண்டாம் தரம் கையில் எடுக்கப் பொலபொலவென்று கொட்டியது. மூன்றாம் தரம் தேங்காயின் முதற்பாலில் கடலைமாவை அளவாகக் கரைத்து ஊற்றினாள். கத்தி வைத்த இடத்தில் நேராக வெட்டுப்பட்டது. அன்றைக்கு மட்டும் பிழை என்று எழுத ஒன்றும் அகப்படாமல் 'பிழை: தெரியவில்லை' என்று எழுதினாள்.

பால்தான் பெரிய வேலை. நாற்பது தேங்காய். திருவுவதற்கு எல்லாரும் இருந்தார்கள். ஆனால் பலபேர் பிழிந்தால் ஒருவர் பால் தடிப்பாகவும் ஒருவர் பால் தண்ணீராகவும் வரும், பிழிவது ஒரு கையாக இருக்கட்டும் என்றார் ரீச்சர். அந்தக் கை யோகம்மாவின் கை. அவள் பிழிந்து போட்ட தேங்காய்ப்பூவைத் தொட்டுப் பார்த்தால் மரத்தூள் மாதிரிக் காய்ந்து கிடக்கும். அவள் அப்பு என்று கூப்பிடும் தகப்பன் கந்தன் மேற்கு வடலிக்குள் பனை சீவிக் கள் இறக்குகிறவர். அந்தப் பக்கத்திலிருந்து வகுப்புக்கு வருகிறவள் அவள் ஒருத்திதான். வந்த புதிதில் சறோவை 'நீங்கள்' என்றும் 'பிள்ளை' என்றும் கூப்பிட்டாள். இந்த மண்டபத்துக்குள் எல்லாரும் எல்லாருக்கும் 'நீர்'தான் என்று ரீச்சர் ஒருநாள் மேசையில் தட்டிச் சொன்னபிறகு, ஒரு மாதம் எடுத்து, 'நீர்' என்று சொல்லப் பழகினாள்.

பிழிந்த பாலெல்லாம் ஒரே கிடாரத்தில் சேர்ந்தது. அதிலிருந்து ஆளுக்கொரு தட்டமாக ஊற்றி எடுத்தார்கள். இரண்டு மணிக்குப் பேக்கரிக்கார அம்புறோஸ் தன் மாட்டுவண்டிலைக் கொண்டுவந்து எட்டுத் தட்டத்தையும் ஊர்காவற்றுறைக்கு ஏற்றிப் போனார். பின்னேரப் பாண் எடுத்து நெருப்பை வாரினபிறகு அவருடைய போறணையில் மிஞ்சி நிற்கிற சூடு இந்த வேலைக்குச் சரியாக இருந்தது. ஆறு மணிக்குத் தட்டங்கள் திரும்பி வந்தபோது மேற்பக்கம் பொன்னிறமாகச் சிவந்திருந்தது, ஓரங்களில் பால் முறுகி நின்றது. நீள வாங்குப் பலகைகளில் வரிசையாக வைத்துத் துணியால் மூடினார்கள். ரீச்சர் புள்ளி போடுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு துணியிலும் சறோ ஒரு பெயர்ச் சீட்டைக் குத்திவிட்டாள். ஒருவரும் கேட்கவில்லை, அவளாகச் செய்ததுதான்.

சங்கத் தலைவர் அப்புத்துரை அந்த நேரம்தான் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு உள்ளே வந்து குடையை வாங்கில் வைத்தார். சறோவின் தாயோடு கூடப்பிறந்தவர். நாளைக்கு வருகிற எண்பது பேரையும் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டவர் அவர்தான்.

"வாசம் சந்திமட்டும் அடிக்குது, பிள்ளையள்," என்றார். "இதைக் கண்டா நாளைக்கு மண்வெட்டியை மறந்துபோடுவாங்கள்."

சிரித்துக்கொண்டு ஒவ்வொரு தட்டமாகத் துணியைத் தூக்கிப் பார்த்தார், சீட்டையும் வாசித்தார். ஏழாவது தட்டத்தில் வாசித்தபிறகு துணியைத் தூக்கவில்லை. கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு ரீச்சரிடம் போனார்.

"ரீச்சர், உதுக்கு முட்டை போட்டிருப்பியள் என்ன? நாளைக்குப் புரட்டாதிச் சனி. கனபேர் விரதம். முட்டை போட்டதை ஒதுக்கி வைச்சா நல்லது."

"எந்தத் தட்டத்தைச் சொல்லுறியள் ஐயா?"

"உந்த ஏழாவதை."

சறோ அவசரப்பட்டு நாட்குறிப்புக் கொப்பியைத் திறந்தாள். மாமாவுக்குத் தெரியாமல்தான் கேட்கிறார் என்று அப்போதும் நம்பினாள். "ஒண்டிலையும் முட்டை இல்லை மாமா. எட்டுக்கும் கடலைமாதான். இஞ்சை எழுதியிருக்கிறன். தட்டத்துக்குக் கால் றாத்தல்."

அவர் கொப்பியைப் பார்க்கவில்லை. யோகம்மாவின் பெயர் குத்தியிருந்த ஏழாவது தட்டத்துக்கு அருகே அவளே நின்று, துணியின் முனையைத் தட்டத்தின் காதில் முடிந்துகொண்டிருந்தாள். முடிந்ததை அவிழ்த்து இன்னொரு தரம் முடிந்தாள். அப்போதுதான் சறோவுக்கு விளங்கியது. எட்டுத் தட்டத்தில் ஒன்றில் மட்டும் முட்டை இருக்கும் என்று ஒரு மனிதன் எப்படி நினைப்பான்? அவருக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டுதான் விரதத்தை இழுத்து நடுவில் வைத்தார்.

"சரி, அப்ப நேரை சொல்லுறன்," என்றார் அப்புத்துரை. குரலைத் தாழ்த்தவில்லை. யோகம்மா கேட்பதைப் பற்றி அவர் யோசித்ததாகவே தெரியவில்லை. "நான் இதுகள் பாக்கிறவனில்லை. அந்தப் பிள்ளை இஞ்சை படிக்கட்டும், ஆர் வேண்டாமெண்டது? ஆனா நாளைக்கு வாறவையிலை பாக்கிறவையும் இருக்கினம். அவை கோவிச்சுக்கொண்டு போனா குளத்தை ஆர் வெட்டுறது? வடலிப் பக்கத்திலையிருந்தும் ஒரு பதினைஞ்சு பேர் வருவினம். உந்தத் தட்டத்தை அவையளுக்குக் குடுத்தா அவைக்கும் சந்தோசம், எங்களுக்கும் கரைச்சல் இல்லை. அவை கிழக்குக் குளக்கட்டிலை இருந்து சாப்பிடட்டும்."

எவ்வளவு ஒழுங்காகக் கணக்குப் பண்ணியிருக்கிறார் என்று சறோ நினைத்தாள். அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அவர் கத்தியிருந்தால், ஏசியிருந்தால், கெட்ட மனிதன் என்று ஒதுக்கிவிடலாம். தீபாவளிக்குச் சீத்தைத் துணி வாங்கித் தந்த அதே முகத்தோடு, வெயிலுக்குக் குடை பிடிக்கச் சொல்வது மாதிரி, இதைச் சொல்கிறார். ரீச்சர் சுவரில் தொங்கின கலண்டரைப் பார்த்தார். மண்டபம் சங்கத்தினுடையது. வகுப்பும் சங்கம் விட்டால்தான் நடக்கும்.

"அப்பிடியெண்டா எட்டையும் ஒதுக்கோணும் மாமா," என்றாள் சறோ.

"ஏன்?"

அவள் கொப்பியை முகத்துக்கு நேரே பிடித்து வாசித்தாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "'வேலைப் பங்கீடு. தேங்காய் திருவியது, எல்லாரும். கறி, கமலாதேவியும் சிவக்கொழுந்தும். தேங்காய்ப்பால் பிழிந்தது, எட்டுத் தட்டத்துக்கும், யோகம்மா.'"

சிவக்கொழுந்து வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புத்துரை கொப்பிக்கு நேரே விரலை நீட்டினார்.

"உதை ஏன் எழுதினனி?"

"ரீச்சர் எழுதச் சொன்னவ."

"நீ வாயைத் திறந்திராட்டி எனக்குத் தெரிஞ்சிராது. எல்லாரும் சாப்பிட்டுட்டு வேலையைப் பாத்திருப்பினம். இப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு நான் எப்பிடிக் குடுக்கிறது, சொல்லு பாப்பம்?" அவருக்கு இப்போதுதான் உண்மையில் கோபம் வந்தது. வாசலில் பீடி சுற்றிக்கொண்டு நின்ற அம்புறோஸைத் திரும்பிப் பார்த்தார். "அம்புறோஸ், விடிய எண்பது பேருக்கு வெறும் பாண் தர ஏலுமோ? சம்பலோடை சமாளிப்பம்."

"ஏலும் ஐயா," என்றார் அம்புறோஸ். "இராவைக்கு மா குழைக்கோணும். அந்தோனி வந்திடுவான்."

"ஆரவன்?"

"நாலு வரியமா எனக்குக் குழைக்கிறவன்தான். இவள் யோகம்மாவின்ரை சித்தப்பன்ரை பெடியன். உங்கடை வீட்டுக்கு வாற பாணும் அவன்ரை கைதான்." பீடியைக் காதில் செருகினார். "பாணெண்டா பறவாயில்லை என்ன ஐயா? கடைச் சாமான்தானே."

ஒருவரும் சிரிக்கவில்லை. அப்புத்துரை குடையை எடுத்தார், மறுபடி வாங்கில் வைத்தார், மறுபடி எடுத்தார். "ரீச்சர், நீங்கள் படிச்சனியள். ஊர் குழம்பாமல் பாருங்கோ. விடிய நான் குளத்தடிக்கு வருவன். அதுக்குள்ளை ஒரு முடிவு எடுத்து வையுங்கோ." சறோவைப் பார்க்காமலே வெளியே இறங்கினார். சைக்கிள் ஒழுங்கையில் இறங்கிப் போகிற சத்தம் கேட்டது.

ரீச்சர் கதிரையில் இருந்தார். "வகுப்பை நிப்பாட்டினாலும் நிப்பாட்டுவினம்," என்றார், யாருக்கென்று இல்லாமல். பிறகு, "நீர் வாசிச்சதிலை பிழை இல்லைப் பிள்ளை," என்றார்.

சறோவுக்கு அது ஆறுதலாக இல்லை. மாமாமேல் எரிந்த கோபம் இப்போது தன்மேல் திரும்பியது. சீட்டுக் குத்தாமல் இருந்திருந்தால் எட்டுத் தட்டமும் எட்டுத் தட்டமாகவே இருந்திருக்கும். புள்ளிக்காக என்று சொன்னோமே, உண்மையில் தன் எழுத்து வடிவாக இருக்கிறது என்று நாலுபேர் பார்க்கத்தானே குத்தினோம்? அவள் எழுந்து போய் முதல் தட்டத்துச் சீட்டில் கையை வைத்தாள்.

"என்ன செய்யிறீர்?" என்றாள் யோகம்மா. அவர் போனபிறகு அவள் பேசிய முதற் பேச்சு.

"எல்லாச் சீட்டையும் கழட்டப்போறன். பேர் இல்லாட்டி ஒருதருக்கும் தெரியாது."

"எட்டுப் பேரைக் கழட்டினாலும் கழட்டினது என்ரை பேரைத்தான். விடும்." யோகம்மா கிடாரத்தைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தாள். பால் பிழிந்ததில் விரல் நுனிகள் வெளிறிச் சுருங்கியிருந்தன. "பால் பிழிஞ்சதை அவருக்குச் சொல்லமுன்னம் என்னை ஒருக்காக் கேட்டிருக்கலாம் நீர். உம்மடை மாமன் உம்மோடை ரெண்டு நாளைக்குக் கதைக்கமாட்டார், பிறகு கதைப்பார். என்ரை அப்பு நாளைக்கு அந்தக் கட்டிலை மண் சுமக்க வாறார். அவரைப் பாத்துத்தானே கதைப்பினம்."

சறோ சீட்டிலிருந்து கையை எடுத்தாள். கேட்டிருக்கவேண்டும். மூன்று அடி தூரத்தில் நின்றவளைக் கேட்காமல், அவளுடைய கைவேலையைக் கொப்பியில் இருந்து எடுத்து வாசித்தாள். மாமாவும் அவளைக் கேட்கவில்லை, தானும் கேட்கவில்லை.

"பிழைதான்," என்றாள். "சொன்னதை இனி எடுக்க ஏலாது."

"எடுக்கச் சொல்லேல்லை." யோகம்மா தட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "நாளைக்குக் கையிலை குடுக்கிறது ஆர்?"

"இன்னும் எழுதேல்லை."

"அப்ப என்ரை பேரை எழுதும். வாங்குறவை வாங்கட்டும். வாங்காமல் போறவையின்ரை மூஞ்சையை நானும் ஒருக்காக் கிட்டநிண்டு பாக்கோணும். எத்தினை நாளைக்கு நிலத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறது?"

"எல்லாரும் போயிட்டா? குளம்?"

"போனா நானும் அப்புவும் வெட்டுவம். நீரும் வாரும். மண்வெட்டி பிடிக்கத் தெரியுமே உமக்கு?"

"தெரியாது."

"ரெண்டு மணித்தியாலத்திலை கை கொப்புளிக்கும். அதையும் கொப்பியிலை எழுதும்."

கமலாதேவி முதலில் சிரித்தாள், பிறகு சிவக்கொழுந்தும். ரீச்சர் சிரிக்கவில்லை. ஆனால் கைப்பையை எடுத்துப் புறப்பட எழுந்தவர் அதை வைத்துவிட்டு மறுபடி இருந்தார். எண்பது பேரில் எத்தனை பேர் கை நீட்டுவார்கள் என்று சறோ எண்ணிப் பார்த்தாள். தன் தகப்பன் நீட்டுவாரா என்பதில் வந்து எண்ணம் நின்றுவிட்டது. அதற்கு அப்பால் எண்ண முடியவில்லை. வாங்கில் உட்கார்ந்து கொப்பியை மடியில் வைத்தாள். எழுத வேண்டியதை முதலில் யோகம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். ஒரு சொல்லை அவள் மாற்றச் சொன்னாள், சறோ மாற்றினாள். பிறகு எழுதினாள்.

நாளை, 26.9.1964, சனி: ஐந்து மணிக்கு மண்டபம். எட்டுத் தட்டமும் அம்புறோஸ் அண்ணையின் வண்டிலில் குளக்கட்டுக்கு. தட்டத்துக்குப் பன்னிரண்டு துண்டு. வெட்டுவது நான். கையில் கொடுப்பது யோகம்மா. எல்லாருக்கும் வரிசை ஒன்று.