யாருக்கு யார் மச்சான்

சிதம்பரம் காலேஜில் ரஹ்மத்துல்லாவை ஓட்டத்தில் ஜெயிக்க ஆள் கிடையாது. ஓட்டத்தைத் தவிர அவனுக்கு வேறொன்றும் தெரியாது என்பதுதான் கஷ்டம். அவன் சிநேகிதன் குலாம் முகம்மது கடலூர்க்காரன், ஹாஸ்டல்வாசி. ஹாக்கி, சடுகுடு, நீளத் தாண்டல், எதில் விட்டாலும் ஒரு கை பார்த்துவிடுவான். வாய்ச் சாமர்த்தியமும் ஜாஸ்தி. ரஹ்மத்துல்லாவை அவன் மச்சான் என்றுதான் கூப்பிடுவான்.

காலேஜில் யாரும் யாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் குலாம் பெருநாளன்று ரஹ்மத்துல்லாவின் வீட்டுக்கே வந்து, உம்மா சைதுன் பீவி போட்ட பிரியாணியை வளைத்துக் கட்டிவிட்டு, உள்ளே தங்கச்சி சர்புன்னிசாவின் காதில் விழும்படி, "இனிமே எனக்கும் இதான் வீடு மச்சான்" என்றான். கல்யாண வயசில் பெண் இருக்கிற வீட்டில் அந்தப் பேச்சுக்கு வேறென்ன அர்த்தம்? பண்ருட்டியிலிருந்து வந்த சம்பந்தத்தை உம்மா வேண்டாம் என்று சொல்லியனுப்பினாள்.

அறுபத்திரண்டில் விளையாட்டு விழா. எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து அதிகப் புள்ளி எடுப்பவனுக்குப் பெரிய கப்பு. கடைசி ஓட்டத்தில் முதலாவதாக வந்தால்தான் அது குலாமுக்கு. கோட்டில் நிற்கும்போது ரஹ்மத்துல்லாவின் காதோடு சொன்னான்:

"விட்டுக் குடு மச்சான். கப்பு எங்க போயிடப் போவுது? நம்ம வீட்டுக்குள்ளதான கெடக்கும்."

முன்னால் ஓடிக்கொண்டிருந்த ரஹ்மத்துல்லா பாதியில் தொடையைப் பிடித்துக்கொண்டு நொண்டினான். பிழைக்கத் தெரியாதவன்!

கப்போடு குலாமின் படம் பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்த முந்திரி வியாபாரி ஒருவர் வேலை கொடுத்தார். ஐந்தே வருஷத்தில் குலாம் சொந்தமாக முந்திரிப் பருப்பைக் கப்பலேற்றினான். ரஹ்மத்துல்லா ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் ஆனான். பார்க்கிறபோதெல்லாம் குலாம், "கொஞ்சம் கால ஊனிக்கறேன் மச்சான், அப்பறம் வந்து உம்மாகிட்ட பேசறேன்" என்பான். அதை நம்பி, வந்த வரன்களையெல்லாம் தட்டிக் கழித்தார்கள். சர்புன்னிசாவுக்கு இருபத்தைந்து முடிந்தது.

ஒருநாள் தபாலில் குலாமின் கல்யாணப் பத்திரிகை வந்தது. பெண் மெட்ராஸ் ஏற்றுமதிக்காரர் மகள்.

ரஹ்மத்துல்லா அடுத்த பஸ்ஸில் கடலூருக்குப் போனான். குலாமின் நாற்காலிக்குப் பின்னால் கப்பு பளபளவென்று இருந்தது.

"சர்புன்னிசாவுக்கு என்னடா பதில் சொல்றது?"

"ஒன் தங்கச்சிக்கு நான் என்ன சொல்லணும்?"

"மச்சான் மச்சான்னியேடா!"

குலாம் விழுந்து விழுந்து சிரித்தான். "ஹாஸ்டல் சமையக்காரர் சிங்காரத்தக்கூடதான் மச்சான்னேன். அவுரு தங்கச்சியயும் நானா கட்டிக்கறது?"

"நம்ம வீட்டுக்குள்ளதான கெடக்கும்னு சொன்னியே, அது?"

சிரிப்பு நின்றது. குலாம் எழுந்து கப்பை எடுத்து மேஜைமேல் வைத்தான். "நீங்கதான் ஜெயிச்சிருப்பீங்க, எனக்குத் தெரியும். எடுத்துக்கிட்டுப் போங்க மாஸ்டர்."

நீ போய் நீங்க, மச்சான் போய் மாஸ்டர். எல்லாம் தெரிந்தேதான் செய்திருக்கிறான் பாவி. ரஹ்மத்துல்லா கப்பைத் தொடாமல் வெளியே வந்தான்.

சிதம்பரம் பஸ்ஸில் பலாப்பழத்தோடு ஏறிய ஒருவன், "கொஞ்சம் நவுந்து ஒக்காரு மச்சான்" என்றான்.

"யாருக்கு யாருடா மச்சான்?" ரஹ்மத்துல்லா அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

பலாப்பழக்காரன் வெலவெலத்துப் போனான். "தெரியாம சொல்லிட்டேங்க, மன்னிச்சுக்குங்க."

ரஹ்மத்துல்லா சட்டையை விட்டான். மன்னிச்சுக்குங்க. கடலூரில் ஒருத்தன் வாயிலிருந்து வராத வார்த்தை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.