புட்டுக்குப் பூச்சியம்

மடிக்கணினித் திரையில் விடை வந்தபோது வினோஜா சிரித்தே விட்டாள். றோல்ஸ் இவ்வளவு, தேங்காய் ரொட்டி இவ்வளவு, புட்டு பூச்சியம். தேங்காய் கேட்ட அளவு கிடைக்காமல் அம்மாவின் சாப்பாட்டுக் கடை தள்ளாடிக்கொண்டிருந்த நேரம் அது. வவுனியா வளாகத்தில் அவள் படித்த ஏகபரிமாண நிரலாக்கம், இருக்கிற கொஞ்சப் பொருளில் எதை எவ்வளவு செய்தால் கூடுதல் இலாபம் வரும் என்று சொல்லும். மா, தேங்காய், காஸ் எல்லாவற்றையும் சமனிலிகளாக எழுதி, புதுக்குடியிருப்புச் சந்தையடிக் கடையையே ஒரு கணக்குக்குள் அடக்கியிருந்தாள்.

அம்மா அடுப்படியில் நின்றபடி கேட்டாள். "அப்ப இராசேஸ்வரி?"

கடை திறந்த நாளிலிருந்து புட்டு அவிப்பது இராசேஸ்வரிதான். விடியற்புறம் ஆனந்தபுரத்திலிருந்து சைக்கிளில் வந்து, அவித்துக் கொடுத்துவிட்டு, அன்றைய கூலியோடு போவாள். புருசன் இல்லை.

"கணக்கில ஆக்கள் வரமாட்டினம் அம்மா. பொருள்தான் வரும்."

"அப்ப நீயே அவவுக்குச் சொல்லு. எனக்கு வாய் வராது."

வினோஜாவுக்கும் வரவில்லை. இராசேஸ்வரி புட்டு அவித்த நீத்துப்பெட்டியைக் கழுவிக் கவிழ்க்கும்போது பின்னால் நின்று, "அக்கா, தேங்காய் கிடைக்குதில்லை. கிடைச்ச உடன சொல்லி அனுப்புறன்" என்றாள். பொய் அவ்வளவு லேசாக வந்தது.

"அதுக்கு நீங்கள் என்ன செய்வீங்கள் பிள்ளை" என்று இராசேஸ்வரி அவளைத் தேற்றிவிட்டுப் போனாள்.

கணக்குப் பிழைக்கவில்லை. றோல்ஸ் மத்தியானத்துக்கு முன்னமே முடிந்தது. புட்டுக் கேட்டு வந்தவர்களும் ரொட்டி தின்னப் பழகிவிட்டார்கள். அம்மா பழையபடி பாட்டு முணுமுணுக்கத் தொடங்கினாள்.

மற்றக் கிழமை ஒரு காலை, வினோஜா திருவலையில் குந்தி ரொட்டிக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருக்கையில் வாசலில் சைக்கிள் வந்து நின்றது. இராசேஸ்வரி ஓர் உரப்பையை இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு நேரே உள்ளே வந்தாள்.

"தேங்காய் பிள்ளை. அக்கம்பக்கத்து வளவுகளில கேட்டுப் பொறுக்கினனான். சின்னன்தான். நீங்கள் கஷ்டப்படுறியள் எண்டு..."

முடிக்கவில்லை. அவள் கண் திருவலைக்கு அப்பால், சுவரோரம் குவித்திருந்த தேங்காய்களில் போய் நின்றது.

வினோஜா திருவலையிலிருந்து எழுந்தாள். நேற்றுத்தான் வந்தது என்று சொல்லலாம். இன்றைக்குச் சொல்லி அனுப்ப இருந்தோம் என்று சொல்லலாம். நாக்கு நுனிவரை வந்ததை, அந்த முகத்தைப் பார்த்ததும் விழுங்கினாள். அம்மா திரும்பிப் பார்க்காமல் எண்ணெய்ச் சட்டியடியிலேயே நின்றாள்.

"அக்கா, நான்..."

"இதை எங்க வைக்கட்டும் பிள்ளை?"

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் வினோஜா தாங்கியிருப்பாள்.

பதிலுக்குக் காத்திராமல் இராசேஸ்வரி குந்தி, பையை அவிழ்த்து, கடைத் தேங்காய்களோடு கலந்துவிடாமல் சற்றுத் தள்ளி, தன்னுடையவற்றை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினாள். உரித்ததும் உரிக்காததுமாய்க் கைக்குள் அடங்கும் காய்கள். ஒன்று உருண்டு வந்து வினோஜாவின் காலில் முட்டி நின்றது.