விருந்தாளிகளின் ஓட்டம்

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் குடிபோன இத்தனை வருடங்களில் பாலகுமார் தன் தம்பி குடும்பத்தை ஒருமுறைகூட வீட்டுக்கு வா என்று அழைத்ததில்லை. கிரகப்பிரவேசத்தைக்கூட ஆபீஸ் ஆட்களோடு சின்னதாக முடித்துக்கொண்டு, மறுநாள் போட்டோ அனுப்பியவர் அவர். அப்படிப்பட்டவர் இந்த மே மாதம் தானாகவே போன் செய்து, வெயிலில் அங்கே கிடந்து ஏன் வேகிறீர்கள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பத்து நாள் இங்கே வந்து இருங்கள் என்றபோது, தம்பி ராஜேஷ்குமார் போனிலேயே நாலு முறை சரிண்ணா என்றான்.

ராஜேஷ்குமார் வாணியம்பாடியில் எரிந்த மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். மே மாதம் என்பது ஊரிலுள்ள தண்ணீர் மோட்டாரெல்லாம் வரிசையாகப் புகைந்து கடைக்கு வரும் மாதம். அந்த மாதத்தில் கடையைச் சாத்த அவன் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அவன் மனைவி தாரணிதான் யோசித்தாள். அவள் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். விடை சரியாக இருந்தாலும் வழி எங்கே என்று கேட்பவள். உங்க அண்ணன் எதற்காகக் கூப்பிடுகிறார் என்று கேட்டீர்களா என்றாள். அண்ணன் தம்பியைக் கூப்பிடக் காரணம் வேண்டுமா என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதே பள்ளியில் படிக்கும் மகள் தீபிகாவுக்குப் பதின்மூன்று வயது. அவளுக்கு மெட்ரோ ரயிலில் ஏற வேண்டும், லால்பாக் பார்க்க வேண்டும். அவளுக்காகத் தாரணி வாயை மூடிக்கொண்டு துணியை எடுத்து வைத்தாள்.

மேம்பாலத்துக்குக் கீழே பஸ் நின்ற இடத்துக்குப் பாலகுமார் தானே காரோடு வந்திருந்தார். ஐம்பதை நெருங்கும் வயதில் தோல் ஒட்டி, கன்னம் வற்றி, பட்டினியிலிருந்து மீட்டுக் கொண்டுவந்தவர் போல இருந்தார். மணிக்கட்டில் சோப்புப்பெட்டி அளவுக்கு ஒரு கடிகாரம். பயணம் எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. தீபிகாவின் கால்களைப் பார்த்து, பள்ளியில் ஸ்போர்ட்ஸில் சேர்ந்திருக்கிறாயா என்றார். தம்பியின் தொப்பையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். தாரணியைச் சந்தையில் மாடு பிடிக்க வந்தவர் போல மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பரவால்ல, சமாளிச்சிடலாம்" என்றார்.

எதைச் சமாளிப்பது என்பது வீட்டுக்குள் போனதும் தெரிந்தது. சோபாவில் நான்கு ஆரஞ்சு நிற டீ-ஷர்ட்டுகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. முதுகில் 'டீம் பாலா' என்று அச்சடித்திருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பில் குடும்ப ஓட்டமாம். ஒரு குடும்பத்துக்கு நான்கு பேர், ஐந்து கிலோமீட்டர். நான்காவது ஆள் கோட்டைத் தாண்டும் நேரம்தான் குடும்பத்தின் நேரம். போன வருடம் பி பிளாக் சந்திரன் குடும்பம் ஜெயித்துவிட்டது. அதைச் சொல்லும்போது பாலகுமாரின் குரலில், சொத்தைப் பங்காளி எழுதி வாங்கிக்கொண்டதைச் சொல்லும் துயரம் இருந்தது.

அவர் மகன் கனடாவில் படித்துக்கொண்டிருந்தான். மனைவி ஷோபாவுக்கு முட்டி வலி. அதனால்தான் தம்பி பாசம் பொங்கியிருக்கிறது. தாரணிக்குக் கோபம்கூட வரவில்லை. போட்ட கணக்கு சரியாக வந்த திருப்திதான் வந்தது.

அன்று சாயங்காலம் சமையலறையில் ஷோபா ஸ்டூல் மேல் தாவி ஏறி, பரணிலிருந்து பெரிய குக்கரை இறக்கினாள். முட்டி வலிக்காரி ஏறுகிற ஏற்றமாக அது இல்லை. தாரணி பார்ப்பதைப் பார்த்ததும் ஷோபா அசட்டுத்தனமாகச் சிரிக்கவில்லை. நேராகவே சொன்னாள்.

"எனக்கு முட்டில ஒண்ணும் இல்ல தாரணி. போன வருஷம் இவரோட நானும் ஓடினேன். முடிச்சதும் எல்லார் எதிர்லயும் என்னைப் பாத்து, நீ மட்டும் இல்லன்னா ஜெயிச்சிருப்போம்னாரு. மறுநாள் காலைல எனக்கு முட்டி வலி வந்துடுச்சு."

தாரணி இதைக் கணவனிடம் சொன்னாள். நாளைக்கே கிளம்பிவிடலாம், அடுத்த வாரம் நாமே தனியாக வந்து ஊர் சுற்றிப் பார்ப்போம் என்றாள். அவனோ, அண்ணன் வாய் விட்டு ஒன்றைக் கேட்டதே இதுதான் முதல் தடவை, அதற்குக்கூட நிற்காமல் போனால் நான் என்ன தம்பி என்றான். கட்டிய மனைவி வாய் விட்டுக் கேட்டவை எத்தனையோ இருந்தன. அவள் அவற்றைச் சொல்லிக் காட்டவில்லை. தீபிகாவிடம் கேட்டபோது, அந்தப் பெண் டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். ஓடிப் பார்க்கலாமே அம்மா என்றாள். தாரணியும் தனக்கான டீ-ஷர்ட்டை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் விடிவதற்கு முன்பே பயிற்சி தொடங்கியது. பாலகுமார் அவர்களை ஐ.டி. பார்க் சாலையில் ஓடவிட்டு, தான் முன்னால் போய்த் திரும்பி, பின்பக்கமாகக் குதித்துக் குதித்து ஓடியபடியே கத்தினார். மூச்சை மூக்கால் இழு, கையை மடக்கு, பேஸ் விடாதே, வேகத்தை விடாதே. இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி வண்டியில் திரும்பும் பெண்கள் தூக்கக் கண்ணோடு எட்டிப் பார்த்தார்கள். டீக்கடை வாசலில் படுத்திருந்த நாய்கள் இரண்டு எழுந்து, இவர்கள் துரத்தத் தகுந்தவர்கள்தானா என்று யோசித்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டன. சுடிதார் மேல் ஆரஞ்சு டீ-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு ஓடிய தாரணிக்கு நாய்களின் தீர்ப்பு நியாயமாகவே பட்டது.

காலையில் ஓட்ஸ் உப்புமா, மதியம் வேகவைத்த காய், ராத்திரி சூப். ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கு டப்பாவைப் பாலகுமார் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். லால்பாக் போகலாமா என்று தீபிகா கேட்டபோது, அவ்வளவு நடந்தால் காலில் ஆசிட் சேரும், போட்டி முடியட்டும் என்றார். அவர் வீட்டுப் பால்கனியிலிருந்து எதிர் பிளாக்கின் பால்கனிகள் தெரிந்தன. பெங்களூரில் அவர்கள் பார்த்தது அதுதான்.

ராஜேஷ்குமாருக்கு ஓட ஷூ இல்லை. பாலகுமார் தன்னுடைய பழைய ஜோடி ஒன்றைக் கொடுத்தார். கொடுக்கும்போது அதன் விலையை இரண்டு முறை சொன்னார். ராஜேஷ்குமார் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். மூன்றாம் நாள் அவன் குளியலறையிலிருந்து விரலூன்றி நடந்து வந்தான். குதிகாலில் தோல் உரிந்திருந்தது. புது ஷூ அப்படித்தான் கடிக்கும் என்று சமாதானம் சொன்னான். அது பழைய ஷூ என்று தாரணி நினைவூட்டினாள். அவன் பஞ்சை வைத்து அடைத்துக்கொண்டு மறுநாளும் ஓடினான். நாற்பது வயது மனிதன், நாலு பேருக்குக் கூலி கொடுக்கிறவன், அண்ணன் விசில் ஊதினால் வரிசையில் போய் நிற்கிறானே என்று தாரணிக்கு அவன் மேல் வந்த ஏளனம், பாலகுமார் மேல் வந்ததைவிடப் பெரியதாக இருந்தது.

இந்த நால்வரில் ஓடத் தெரிந்தவள் தீபிகாதான். அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தோளைத் தளர்த்திவிட்டுச் சத்தமில்லாமல் ஓடினாள். பாலகுமார்கூட ஒரு நாள் அவளைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார், பழுதாகிவிட்டதோ என்று.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. குடியிருப்பு வாசலில் காற்றடைத்த வளைவு ஒன்றை நிறுத்தி, ஒலிபெருக்கியில் குத்துப்பாட்டு போட்டிருந்தார்கள். நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழாத மனிதர்கள் மரத்தைப் பிடித்துக்கொண்டு காலைப் பின்னால் மடக்கி நின்றார்கள். சந்திரன் இரண்டு முழங்காலிலும் நீல நாடா ஒட்டியிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி பிரிஜெட்டும், ஒரே உயரத்தில் இரண்டு பையன்களும். பாலகுமாரும் சந்திரனும் கட்டிப்பிடித்து முதுகில் தட்டிக்கொண்டார்கள். அவ்வளவு பலமாகத் தட்டத் தேவையில்லை.

பாதி தூரம்வரை எல்லாம் பாலகுமார் போட்ட திட்டப்படியே நடந்தது. பிரிஜெட்டுக்கு மூச்சு வாங்க, சந்திரன் குடும்பம் பின்தங்கியது. அப்புறம் ராஜேஷ்குமார் நொண்டத் தொடங்கினான். தாரணி அவனோடு வேகத்தைக் குறைத்தாள். சாக்ஸ் குதிகால் பக்கம் சிவந்து, அந்தச் சிவப்பு மேலே ஏறிக்கொண்டிருந்தது. முன்னால் போயிருந்த பாலகுமார் திரும்பி ஓடி வந்தார். சாலையோரம் தண்ணீர் கொடுக்கிறவர்கள், கைதட்டுகிறவர்கள், பக்கத்தில் ஓடுகிறவர்கள் அத்தனை பேர் காதிலும் விழுமாறு தம்பியைப் பார்த்துப் பேசினார்.

"பொம்பளைங்க ஓடறாங்க, நீ நொண்டறியா? சின்ன வயசுல இருந்தே உன்னைக் கூட்டிட்டுப் போன இடத்துல எல்லாம் எனக்கு அவமானம்தான்டா."

ராஜேஷ்குமார் உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி ஓடினான். அவன் ஏதாவது திருப்பிச் சொல்லியிருந்தால் தாரணிக்கு ஆறியிருக்கும். அவன் ஓடியதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

பாலகுமாரும் தீபிகாவும் முதலில் கோட்டைத் தாண்டினார்கள். பாலகுமார் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிப் போட்டோவுக்கு நின்றார். பிறகுதான் இன்னும் இரண்டு பேர் பாக்கி என்பது ஞாபகம் வந்து திரும்பினார். வளைவு கண்ணெதிரே இருந்தது. நடந்தால்கூட உடனே போய்ச் சேர்ந்துவிடலாம். சந்திரன் குடும்பத்தின் கடைசி ஆளான பிரிஜெட் இன்னும் திருப்பத்தில்தான் வந்துகொண்டிருந்தாள்.

அங்கே தாரணி நின்றாள். கணவனின் கையைப் பிடித்து, நடைபாதை விளிம்பைக் காட்டி, "உக்காருங்க" என்றாள்.

அவன் அண்ணனைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். வகுப்பில் பின்பெஞ்ச் பையனிடம் சொல்லும் அதே குரலில் அவள் இன்னொரு முறை சொன்னாள். அவன் உட்கார்ந்தான். அவள் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தாள். சாக்ஸை உருவியபோது தோலும் சேர்ந்து வந்தது.

பாலகுமார் ஓடி வந்தார். இன்னும் நேரம் இருக்கிறது, எழுந்திரு, முடியாவிட்டால் தூக்கிக்கொண்டாவது போகிறேன் என்றார். தம்பியின் அக்குளில் கை கொடுத்து இழுக்கவும் செய்தார். ராஜேஷ்குமார் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டான். இரண்டு ஷூவையும் சேர்த்து நாடாவால் முடிந்து அவரிடம் நீட்டினான்.

"இது எனக்குச் சின்னதுன்னு முதல் நாளே தெரியும்ணா. நீ குடுத்ததுன்னுதான் போட்டேன்."

பிரிஜெட் அவர்களைக் கடந்து போனாள். போகிற போக்கில் நின்று, காலைப் பார்த்து, மருந்து இருக்கிறது தரட்டுமா என்று கேட்டாள். அந்தக் குடியிருப்பில் அவர்களிடம் அன்பாகப் பேசிய முதல் வெளியாள் அவள்தான். அவள் கோட்டைத் தாண்டியதும் ஒலிபெருக்கி சந்திரன் பெயரைச் சொன்னது. பாலகுமார் ஷூவைக் கையில் பிடித்தபடி, யாரிடம் கோபப்படுவது என்று தெரியாமல் நின்றார். அந்தக் காட்சிக்காகவே இன்னும் இரண்டு வாரம் ஓட்ஸ் உப்புமா தின்னலாம் என்று தாரணிக்குத் தோன்றியது.

அந்தச் சந்தோஷம் தீபிகா பக்கத்தில் வந்து நிற்கும்வரைதான் இருந்தது. அவள் முகம் சிவந்திருந்தது. வெயிலால் அல்ல.

"பெரியப்பாவைத் தோக்கடிக்கணும்னு என்னைத் தோக்கடிச்சிட்டம்மா. நான் எவ்ளோ நல்லா ஓடினேன், நீ பாக்கவே இல்ல."

அப்பாவின் காலைக் காட்டினாள் தாரணி. அப்பாவை நடக்க வைத்துக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே, பத்தடிதானே என்றாள் தீபிகா. அது உண்மை. பாலகுமாரின் முகம் தொங்குவதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் அந்த 'உக்காருங்க'வில் இருந்தது என்பதை அந்தப் பெண் சரியாகப் படித்துவிட்டாள்.

பாலகுமார் அன்று பகல் முழுவதும் அறையை விட்டு வெளியே வரவில்லை. விருந்தாளிகளுக்கு அடிபட்டதால் டீம் பாலா போட்டியிலிருந்து விலகியது என்று குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் எழுதினார். ஷோபா அதைச் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டு, பொம்மனஹள்ளி கடையொன்றிலிருந்து பரோட்டாவும் கோழிக் குழம்பும் வரவழைத்தாள். அவர் அறைக் கதவு திறந்தால் வாசனை உள்ளே போகும் என்று வேண்டுமென்றே கதவருகில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ராஜேஷ்குமார் காலை நீட்டி உட்கார்ந்து ஐந்து பரோட்டா சாப்பிட்டான். பிறகு கடைப் பையனுக்குப் போன் செய்து, நாளைக்குச் சாயங்காலம் திறந்துவிடுவேன், வருகிற மோட்டாரையெல்லாம் வாங்கி வை என்றான். தீபிகா தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் மதிய பஸ்ஸுக்கு அவர்கள் கிளம்புவதாக இருந்தது. விடியற்காலையில் தாரணி கண் விழித்தபோது தீபிகா வாசலில் உட்கார்ந்து நாடா கட்டிக்கொண்டிருந்தாள். யாரும் எழுப்பவில்லை, எந்தப் போட்டியும் இல்லை. எங்கே என்று தாரணி கேட்டதற்கு, சும்மா என்றாள். கதவைத் திறந்தவள் சற்று நின்று, திரும்பிப் பார்க்காமலே, "வர்றதுன்னா வா" என்றாள்.

தாரணி போனாள். ஆரஞ்சு டீ-ஷர்ட் இல்லாமல், வீட்டில் போடும் சுடிதாரோடு. முதல் திருப்பத்திலேயே விலா பிடித்துக்கொண்டது. எதிரே வந்த ஓட்டக்காரர்கள் காதில் எதையோ சொருகிக்கொண்டு, யாரோ கடன்காரன் துரத்துகிற முகத்தோடு போனார்கள். துரத்துகிறவன் யாரும் இல்லாதபோது மனிதன் ஏன் ஓட வேண்டும் என்பது அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. அதில் என்ன சுகம் என்று யாராவது கேட்டால் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வாள். இருந்தாலும் நிற்கவில்லை. முன்னால் போகும் மகளின் ஓட்டத்தை இந்த முறை பார்த்தாள். பாதம் தரையைத் தொட்டதும் தொடாததுமாக எழும்பியது. அவள் நன்றாகத்தான் ஓடினாள்.

ஒரு மரத்தடியில் தீபிகா காத்திருந்தாள். தாரணி வந்து இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கி முடித்ததும், நம் பள்ளியில் ஓட்டத்துக்கு டீம் இருக்கிறதா என்று கேட்டாள்.

இருக்கிறது என்றாள் தாரணி. பி.டி. மாஸ்டரும் ஒருவர் இருக்கிறார். மைதானத்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, காலை முதல் மாலைவரை செல்போனில் கேரம் ஆடுகிறார்.

"ஸ்கூல் திறந்த அன்னிக்கே போய் அவரை நாற்காலியிலேர்ந்து எழுப்பறேன்" என்றாள் தாரணி.